ரீகர்வ் வில்லுக்கு எந்த அம்பு முனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்ஸாஸில் 11 வருடம் வேலை பார்த்தபோது ஒரு ரீகர்வ் வில்லை, அதாவது இரண்டு நுனியும் முன்பக்கம் வளைந்த, கப்பி இல்லாத வில்லை வைத்துக்கொண்டு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது ஊருக்கே வந்தாயிற்று. காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டைத் தாண்டினால் ஒரு கிணறும் நாலு தென்னையும் நீளமாக ஒரு தோட்டமும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் வந்து அங்கே அம்பு விடுகிறோம். அவர்கள் கேட்கிறதும், இந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போய் அங்கே முறைப்படி லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகிற பையன்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் கேட்கிறதும் ஒரே கேள்விதான்: எந்த முனை வாங்கலாம்? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குப் போடுகிற கூம்பு முனைக்கு ஃபீல்ட் பாயின்ட் என்று பெயர். வேட்டைக்கான, பிளேடு வைத்த முனை பிராட்ஹெட். பிளேடை அலகு என்றே எழுதுகிறேன், நம் சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்.

அண்ணே, நம்ம பக்கம் கண்மாய்க் கரையில் முயல், பன்றி எல்லாம் இருக்கே, அடிக்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. முயல், மான், காட்டுப்பன்றி எல்லாமே அதன் பட்டியலில் உள்ளவை. அடித்தால்தான் குற்றம் என்றில்லை, அடிக்க முயன்றாலே அந்தச் சட்டத்தில் அது வேட்டைதான், அம்பு தவறிப் போனது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பன்றி வயலை அழிக்கிறது என்றால் வனத்துறையிடம் மனுக் கொடுப்பதுதான் வழி, வில்லை எடுத்துக்கொண்டு நாம் கிளம்புவது வழி இல்லை. சிவராத்திரியை ஒட்டிச் சில ஊர்களில் பாரிவேட்டை என்று கிளம்புவார்களே, அதற்கும் இதே பதில்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பெயரைக் கேட்டால் வேட்டைக்காரர் ஊர் மாதிரி இருக்கும். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக் கூட வெடி போடுவதில்லை.

அப்புறம் எதுக்கு இதையெல்லாம் எழுதுறீங்க?

சட்டம் அனுமதிக்கிற இடத்தில் இருப்பவர்களுக்காக. இங்கே இருப்பவர்களுக்கும் பாதி உதவும், எடை, சமநிலை, நேராகப் பொருத்துவது எல்லாம் ஃபீல்ட் பாயின்டுக்கும் அதே கணக்குதான்.

எந்த நாட்டில் அனுமதி?

நாடு நாடாகச் சொல்ல இடம் போதாது, நம்மவர்கள் அதிகம் கேட்கிறதை மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் கிடையாது, 1981 சட்டம் வில் வேட்டையைத் தடை செய்துவிட்டது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் பயிற்சிக் களத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தெற்கு ஆஸ்திரேலியா 2024 டிசம்பரில் தடை போட்டுவிட்டது. அமெரிக்காவில் மாநில விதிப்புத்தகம்தான் வேதம். கொலராடோவில் வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு, பிராட்ஹெட் அகலம் குறைந்தது முக்கால் அங்குலமும் அரைக்காலும், அதாவது 7/8 அங்குலம் இருக்க வேண்டும். பின்பக்கம் கொக்கி மாதிரி வளைந்த முனைக்குப் பல மாநிலங்களில் தடை உண்டு. வாங்குவதற்கு முன்பு அந்த வருடத்து விதியை ஒரு தடவை படித்துவிடுங்கள், போன வருடம் மாமா சொன்னார் என்று போகாதீர்கள்.

125 கிரெயின், 200 கிரெயின் என்கிறார்களே, கிரெயின் என்றால் எவ்வளவு?

ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் 125 கிரெயின் என்பது 8.1 கிராம், அதாவது ஒரு பவுன். ஆச்சிமார்களிடம் ஒரு 125 கிரெயின் முனையைக் கையில் கொடுத்துப் பாருங்கள், தராசு இல்லாமலே எடை சொல்லிவிடுவார்கள். 100 கிரெயின் ஆறரைக் கிராம், 175 பதினொன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் மேல், 200 கிட்டத்தட்ட 13 கிராம். முனையின் எடையில் பவுன், வில்லின் இழுவிசையில் பவுண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புதிதாக வந்த ஒரு தம்பி "என் வில் 45 பவுன்" என்று சொல்லி அன்று முழுவதும் கேலிக்கு ஆளானான்.

எடையை முதலில் பார்க்க வேண்டுமா, வடிவத்தையா?

எடை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்கிறது என்னவென்றால், இணையத்தில் பளபளவென்று ஒரு பிராட்ஹெட் படத்தைப் பார்த்து, ஆசைப்பட்டு, மூன்று முனை பாக்கெட் ஒன்றை வாங்கி, கையில் இருக்கிற அம்பில் திருகி விட்டுப் பார்த்து, அது இலக்குக்கு ஒரு முழம் தள்ளிப் போனதும் முனை சரியில்லை என்று அடுத்த பாக்கெட் வாங்குவது. முனை பாவம். நாண் விடுபடும்போது அம்பு நேராகக் கிளம்புவதில்லை, வில்லின் நடுக்கட்டையைச் சுற்றி நெளிந்துகொண்டுதான் போகும், சாட்டை மாதிரி. எவ்வளவு நெளிய வேண்டும் என்பது தண்டின் விறைப்பு, தண்டின் நீளம், முன்னால் தொங்குகிற எடை மூன்றையும் பொறுத்தது. முன்னால் எடை கூடினால் அம்பு அதிகம் நெளியும், குறைந்தால் விறைத்துக்கொள்ளும். ஆக, முனையின் எடையை மாற்றினால் அம்பையே மாற்றியதாக அர்த்தம்.

எனவே முதலில் 100, 125, 145, 175, 200 கிரெயினில் ஃபீல்ட் பாயின்ட் இரண்டிரண்டு வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. இறகு ஒட்டிய அம்பு மூன்று, இறகே இல்லாத வெறும் தண்டு ஒன்று, எல்லாவற்றிலும் ஒரே எடை. 15 அடி தூரத்தில் தொடங்கி 20 கஜம் வரை போங்கள். வலது கைக்காரருக்கு வெறும் தண்டு மற்ற அம்புகளுக்கு வலப்பக்கம் விழுந்தால் அம்பு தளர்வு, எடையைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் விறைப்பான தண்டு பாருங்கள். இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு, எடையைக் கூட்டுங்கள். இடது கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளவும். வெறும் தண்டும் இறகு அம்பும் பக்கத்தில் பக்கத்தில் விழுகிற எடை எதுவோ அதுதான் உங்கள் எடை, அந்த எடையில் பிராட்ஹெட் தேடுங்கள். வடிவம், பிராண்டு, கறுப்பா வெள்ளையா எல்லாம் அதற்குப் பிறகு.

கையில் அன்று என்ன நடுக்கமோ, ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். மூன்று வெவ்வேறு நாளில் விட்டுப் பார்த்து அதே பக்கம் விழுந்தால்தான் நம்பலாம்.

மொத்த அம்பு எவ்வளவு கனம் இருக்கணும்?

வில்லின் இழுவிசை ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெயின் என்பது மரபு வில்லாளிகள் கைக்கொள்கிற பழைய கணக்கு, நான் அதிலிருந்து நகர்வதில்லை. 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெயின், கொஞ்சம் மேலே போனாலும் நல்லதுதான். ஓர் உதாரணம்: அங்குலத்துக்கு 9 கிரெயின் உள்ள கார்பன் தண்டு, 29 அங்குலம், அது 261. இறகு 10, அம்பின் வாலில் நாண் மாட்டுகிற நாக் 10, உள்ளே ஒட்டுகிற இன்சர்ட் 15. இதுவரை 296. முனை 125 போட்டால் 421, கணக்குக்குக் குறைவு. 175 போட்டால் 471, பவுண்டுக்குப் பத்தரை, நன்றாக இருக்கிறது. இழுவிசை என்பது 28 அங்குல இழுப்பில் அளந்து வில்லில் எழுதப்பட்டது, நீங்கள் 26 அங்குலம்தான் இழுக்கிறீர்கள் என்றால் கையில் இருப்பது 45 இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்ஓசி என்று ஒன்று சொல்கிறார்களே?

அம்பின் சமநிலைப் புள்ளி நடுவைவிட எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதன் சதவீதம். அம்பை விரல் மேல் வைத்துப் பாருங்கள், நாண் மாட்டுகிற குழியிலிருந்து அது நிற்கிற இடம் வரை அளங்கள். 29 அங்குலத் தண்டு, நடு 14.5, அம்பு நிற்பது 18.5 என்றால் வித்தியாசம் 4, அதை 29ஆல் வகுத்தால் 13.8 சதவீதம். 10 முதல் 15 வரை இருந்தால் ஒரு கவலையும் வேண்டாம். அதற்கு மேலும் போகலாம், போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் இந்த எண்ணுக்குப் பின்னால் ஓடி நேராகப் போகிற அம்பைக் கெடுத்துக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டு அலகா, மூன்று அலகா?

இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. முதலில் அம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் தாக்கும். அம்பு அப்படி இல்லை, நுரையீரலையோ இதயத்தையோ அறுத்து, ரத்தம் போய்த்தான் விலங்கு சாகும். அது சீக்கிரம் நடக்க வேண்டும் என்றால் முனை உள்ளே போய் மறுபக்கம் வெளியே வர வேண்டும், இரண்டு ஓட்டை இருந்தால் தடம் பிடிப்பதும் எளிது.

ரீகர்வில் இதற்கான சக்தி எவ்வளவு இருக்கிறது? 500 கிரெயின் அம்பு நொடிக்கு 170 அடி வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் 32 அடி-பவுண்டு. கப்பி வைத்த நவீன காம்பவுண்ட் வில் ஒன்று 420 கிரெயின் அம்பை 290 அடி வேகத்தில் விட்டால் 78. நம்மிடம் அதில் பாதி கூட இல்லை. காம்பவுண்ட்காரர் தாராளமாகச் செலவழிக்கலாம், நாம் சிக்கனக்காரர்கள்.

இரண்டு அலகு, நீளமாக, ஒல்லியாக உள்ள முனை இந்தச் சிக்கனத்துக்குப் பொருத்தம். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது 3 அங்குல நீளம் 1 அங்குல அகலம் என்றால் சரிவான பாதையில் பாரவண்டி ஏறுகிற மாதிரி மெதுவாகத் திறந்துகொண்டு போகும். அதே நீளம் அகலத்தில் மூன்றாவது அலகு ஒன்றைச் சேர்த்தால் அறுக்க வேண்டிய தசை கூடும், உள்ளே போவது குறையும். பதிலுக்கு ஓட்டை மூடிக்கொள்ளாது, ரத்தத் தடம் நன்றாக விழும், தீட்டுவதும் எளிது. 55 பவுண்டுக்கு மேல் இழுத்து மான் வேட்டைக்குப் போகிறவர் மூன்று அலகு போட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். 40, 45 பவுண்டில் பன்றிக்குப் போகிறவருக்கு இரண்டு அலகுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. டெக்ஸாஸில் என் இரண்டாவது பருவம், 18 கஜத்தில் ஒரு கிடாப் பன்றி பக்கவாட்டில் நின்றது, அம்பு தோளில் பட்டது. வயதான கிடாக்களுக்குத் தோளின் மேல் தோலுக்கடியில் குருத்தெலும்பு மாதிரி ஒரு கேடயம் வளர்ந்திருக்கும். நாலு விரல்கடை ஆழம் போய் அம்பு நின்றது, கண்ணால் பார்த்தேன், இறகு வெளியே ஆடிக்கொண்டே புதருக்குள் போனது. இருட்டுகிற வரை தேடினோம், மறுநாள் விடிந்து மத்தியானம் வரை தேடினோம், கிடைக்கவில்லை. மூன்று அலகு முனை அது. ஆனால் முனையின் மேல் மட்டும் பழி போட்டால் பொய்யாகிவிடும், பாக்கெட்டிலிருந்து எடுத்ததைத் தீட்டாமல் அப்படியே மாட்டியிருந்தேன், விட்டதும் கொஞ்சம் முன்னால் விட்டுவிட்டேன். மூன்று தப்பு ஒன்றாகச் சேர்ந்தது.

விரிந்துகொள்ளும் மெக்கானிக்கல் முனை?

ரீகர்வுக்கு வேண்டாம். பட்டவுடன் அலகு விரிவதற்கே சக்தி செலவாகும், நம்மிடம் இருப்பதே கொஞ்சம்.

சிங்கிள் பெவல் என்றால் என்ன, அது நிஜமாகவே உசத்தியா?

வீட்டுக் கத்தி இரண்டு பக்கமும் சரிவாகத் தீட்டியிருக்கும். உளி ஒரு பக்கம் மட்டும். அந்த உளி மாதிரி தீட்டிய அலகுதான் சிங்கிள் பெவல். ஒரு பக்கச் சரிவால் முனை உள்ளே போகும்போது திருகிக்கொண்டே போகும், எலும்பில் பட்டால் அந்தத் திருகல் எலும்பைப் பிளக்கும். உசத்தி என்பதை எலும்பில் படுகிற நேரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், வெறும் விலாவில் போகிற அம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். வலது பெவல் முனைக்கு வலது சுழற்சி இறகு, இடதுக்கு இடது. பறவையின் வலது சிறகிலிருந்து எடுத்ததா இடது சிறகிலிருந்தா என்று இறகுப் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். மாற்றிப் போட்டால் காற்றில் ஒரு பக்கம் சுழன்று வந்த அம்பு உடம்புக்குள் மறுபக்கம் சுழலப் பார்க்கும், உள்ளதும் போய்விடும்.

650 கிரெயின் இல்லாமல் வேட்டைக்கே போகக் கூடாது என்கிறார்களே?

எட் ஆஷ்பி என்ற அமெரிக்கர் 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பெரிய விலங்குகளின் மேல் அம்பு ஊடுருவலைச் சோதித்து எழுதி வைத்த அறிக்கைகளிலிருந்து வருகிற எண் அது. கனமான எலும்பை உடைத்துப் போக அம்பு மொத்தம் 650 கிரெயின் சுமாருக்கு இருந்தால் பலன் சட்டென்று கூடுகிறது என்பது அவர் கண்டது. முனை உடையக் கூடாது, அம்பு நேராகப் பறக்க வேண்டும் என்பதெல்லாமும் அவர் வரிசையில் உண்டு, எடைக்கும் முன்னால். ஆனால் எல்லாரும் 650ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 45 பவுண்டு வில்லில் 650 போட்டால் பவுண்டுக்கு பதினாலரைக் கிரெயின், 20 கஜத்துக்குள்ளேயே அம்பு தொப்பென்று இறங்கும். எருமைக்குப் போகிறவர் அப்படிப் போகட்டும், அவர் வில்லும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

ஒட்டுகிற முனையா, திருகுகிற முனையா?

மரத் தண்டு என்றால் ஒட்டுகிறது. தண்டின் நுனியை 5 டிகிரி கூம்பாகச் சீவ வேண்டும், பென்சில் சீவுகிற மாதிரி அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. சூட்டில் உருகுகிற பசையைத் தடவி, முனையை மட்டும் சூடாக்கி, திருகி ஏற்றிச் சரி பார்த்துத் தண்ணீரில் முக்கினால் முடிந்தது. தவறினால் மறுபடி சூடாக்கிக் கழற்றலாம், அதுதான் இதில் உள்ள வசதி.

கார்பன், அலுமினியம் என்றால் திருகு. 8-32 மரை என்பது பொது அளவு, ஏறக்குறைய எல்லா பிராண்டும் பொருந்தும். ஸ்விக்கி, கிரிஸ்லி மாதிரிப் பழைய ஒட்டு முனைகளைக் கார்பன் அம்பில் போட அடாப்டர் கிடைக்கிறது, அதன் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 125 முனையை 75 அடாப்டரில் வைத்தால் கையில் இருப்பது 200.

திருப்பாச்சேத்தி அரிவாள் பட்டறையில் சொல்லிச் செய்ய முடியாதா?

இதை எல்லாரும் கேட்கிறார்கள், கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நானே செய்து பார்த்துவிட்டேன், பலகையில் விடுவதற்குத்தான்.

மாதிரிக்கு ஓர் இரண்டு அலகு முனையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டறை ஆசாரி அதை விரல் நுனியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, மாங்கா பறிக்கவா?" என்றார். விளக்கினேன். லாரிப் பட்டையில் செய்து தருவதாகச் சொல்லி, சொன்ன நாளில் ஆறு முனை கொடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. வீட்டுத் தராசு பத்தாது என்று தெரிந்த நகைக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாக வைத்தேன். மாதிரி 8.1 கிராம். மற்றவை 7.6, 8.2, 8.8, 8.9, 9.4, கடைசியில் ஒன்று 10.3. கிரெயினில் சொன்னால் 117இலிருந்து 159 வரை. கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "சேதாரம் ரொம்பத் தூக்கலா இருக்கே" என்றார்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அரத்தால் ராவி எல்லாவற்றையும் 7.6க்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகும் ஆறில் நாலு நேராகப் போகவில்லை, காரணம் தண்டு நுழைகிற குழல். தகட்டை மடித்து அடித்த குழலின் மையமும் அலகின் மையமும் ஒரு நூல் விலகியிருந்தது. அரிவாளுக்கு அந்த ஒரு நூல் பொருட்டே இல்லை, கைப்பிடி எப்படியும் கைக்குப் பழகிவிடும். அம்புக்கு அதுதான் எல்லாம். ஆசாரி மேல் ஒரு குறையும் இல்லை, கூர் பிடித்து நிற்பதில் அவர் எஃகு நான் காசு கொடுத்து வாங்கிய பல முனைகளைத் தோற்கடித்தது. நேராக அமைந்த இரண்டையும் வைத்திருக்கிறேன்.

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் தீட்டக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சாணைச் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் மெல்லிய ஓரம் சூடேறி நீலம் பாய்ந்துவிடும், நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அரிவாள்மனைக்குத் தாங்கும், இதற்குத் தாங்காது.

ஒரு தட்டை அரம், ஓர் எண்ணெய்க் கல், ஒரு தோல் வார். பழைய சலூன்களில் கத்தியை இழுக்கிற வார் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு அலகு முனைக்கு அரத்தால் முதலில் இரண்டு பக்கமும் ஒரே சரிவு, 25 டிகிரி சுமார், விளிம்பில் மயிர் மாதிரி ஒரு பிசிர் விரலுக்குத் தட்டுப்படும் வரை. பிறகு கல்லில் அழுத்தம் குறைத்துக்கொண்டே வந்து பிசிரை எடுக்க வேண்டும். கடைசியில் வாரில் பின்பக்கமாக இருபது இழுப்பு. ஆரம்பத்தில் சரிவு மாறிக்கொண்டே இருக்கும், விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிவிட்டுத் தீட்டினால் எங்கே அழிகிறது எங்கே அழியவில்லை என்று தெரியும். மூன்று அலகு முனையை இரண்டு அலகும் கல்லில் படும்படி அப்படியே படுக்க வைத்து இழுத்தால் போதும், 60 டிகிரி தானாக அமைந்துவிடும், சோம்பேறிகளுக்கு வரப்பிரசாதம்.

கூர் வந்ததா என்று கை மயிரைச் சிரைத்துப் பார்ப்பார்கள். நான் பலசரக்குக் கடை ரப்பர் பேண்டை இரண்டு விரலில் மாட்டி லேசாக இழுத்துப் பிடித்து அதன் மேல் முனையை நகர்த்துவேன். அழுத்தாமலே அறுந்தால் சரி, ரப்பர் உருண்டு நழுவினால் மறுபடி கல்லுக்கு. புதுப் பாக்கெட்டில் வருகிற முனையையும் இப்படிச் சோதித்தே தீருங்கள், என் பன்றிக் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா.

மழைக்காலத்தில் ஓரத்தில் துரு பிடிக்கும். வாசலின் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும்.

முனை நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அம்பைச் செங்குத்தாகப் பிடித்து முனை நுனியைக் கெட்டியான எதன் மேலாவது ஊன்றிப் பம்பரம் மாதிரிச் சுழற்றுங்கள், முனையும் தண்டும் சேருகிற இடத்தைக் கவனியுங்கள். அசையாமல் நின்றால் நேர். தள்ளாடினால் இல்லை. ஆத்தங்குடிக் கல் தரை இதற்கு வழவழவென்று பொருத்தமாக இருக்கிறதே என்று அதில் சுழற்றாதீர்கள், புள்ளிப் புள்ளியாகக் கீறல் விழும். எங்கள் வளவில் மூன்று இருக்கிறது, யார் வந்தாலும் ஆத்தா அதைக் காட்டாமல் விடுவதில்லை. கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பக்கம் போதும்.

பிராட்ஹெட் என்பது அம்பின் முன்னால் உள்ள சிறகு. கொஞ்சம் கோணினால் கூட அதுவே திசை திருப்பப் பார்க்கும், பின்னால் உள்ள இறகு அதை அடக்க வேண்டும். அதனால்தான் மரபு வில்லுக்கு 5 அங்குல இறகு மூன்று. இறகுக்குப் பதிலாக ஒட்டுகிற பிளாஸ்டிக் வேன் வேண்டாம், அம்பு உட்கார்கிற வில்லின் திட்டில் உரசும்போது இறகு மடங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் தள்ளிவிடும்.

பிராட்ஹெட்டை எதில் விட்டுப் பழகுவது?

பழைய சேலை அடைத்த சாக்கு ஃபீல்ட் பாயின்டுக்கு அருமையானது, பிராட்ஹெட்டுக்கு ஆகாது, உள்ளே போனால் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வராது. கெட்டி ஃபோம் பலகைகளை அடுக்கிக் கட்டியதில் விடலாம். செம்மண் மேட்டில் விட்டால் கூர் அன்றைக்கே போச்சு. பழகுவதற்கென்று அதே மாதிரியில் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, நல்லதைத் தீட்டி மூடி போட்டு எடுத்து வையுங்கள்.

முழுதாக இழுத்த நிலையில் முனை வில் பிடித்த கையின் விரலைத் தொடக் கூடாது. தண்டு வில்லுக்கு முன்னால் ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூடோ முனை என்கிறார்களே, அது எதற்கு?

முனையிலிருந்து நாலு கம்பிக் கால் ஸ்பிரிங்கோடு நீட்டிக்கொண்டிருக்கும், புல்லில் பட்டால் அம்பு புதையாமல் எகிறி நிற்கும், தேட வேண்டியதில்லை. சிறு விலங்குக்கும், சும்மா நடந்துபோய்க் கட்டையிலும் மண் கட்டியிலும் விட்டுப் பழகுவதற்கும் செய்தது. வற்றிய கண்மாயில் ஆள் நடமாட்டம் ஆடு மாடு எதுவும் இல்லாதபோது நான் போடுவது இதைத்தான். சீமைக் கருவேலம் மரத்தில் மட்டும் விடாதீர்கள், முனை மாட்டினால் அம்பை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தாரே, அது என்ன முனை?

அந்த அம்பின் கிரெயின் கணக்கைப் புலவர் பாடாமல் விட்டுவிட்டார். நம் சீமைக்கு வளரி என்கிற எறிதடிதான் பேர்போனது, அதற்கு முனையே கிடையாது.

விமானத்தில் கொண்டுவரலாமா?

கைப்பையில் கூடவே கூடாது. கீழே போடுகிற பெட்டியில், ஒவ்வொரு முனையும் உறையோடு, பெட்டியைத் திறந்து சோதிக்கிறவர் கையில் கிழியாத மாதிரி வையுங்கள். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விஜயதசமிக்கு மகர்நோன்புப் பொட்டலில் சாமி அம்பு விடும்போது நாமும் விடலாமா?

கூட்டத்துக்கு நடுவிலா? அன்றைக்கு நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள் மட்டும்தான்.

முனையின் நுனி வளைந்துவிட்டது, நிமிர்த்திப் போடலாமா?

நுனி மட்டும் சுருண்டிருந்தால் சுருண்ட வரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, மழுங்கலாக, சின்ன உளி வாய் மாதிரி விடுங்கள். ஊசி மாதிரி நுனியைவிட அதுதான் எலும்பில் மடங்காமல் நிற்கும். எடை இரண்டு மூன்று கிரெயின் குறையும், பரவாயில்லை. அலகே வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள், நிமிர்த்தின இடத்திலேயே அடுத்த தடவை முறியும். நான் அப்படிப்பட்டவற்றை மரப் பிடியில் செருகித் தோட்டத்தில் வைத்திருக்கிறேன், தென்னங்கீற்று கிழிக்க நன்றாக இருக்கிறது.